தஞ்சோங் துவான்: கடல் வற்றும் நேரம் பார்த்து ஒரு நாள் நடை

எங்கள் ஊர் சிலியாவ். மலேசியாவில், சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் நடுவில், ஒரு காலத்தில் பால்மரமும் (ரப்பர்) இப்போது செம்பனையுமாக (எண்ணெய்ப்பனை) இருக்கும் தோட்டப்புறம். கடல் எங்களுக்குப் பக்கம்தான். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் போர்ட்டிக்சன் என்றால் தெலுக் கெமாங் மட்டும்தான். பள்ளி விடுமுறையில் பஸ் பேசி, பெரிய அண்டாவில் பிரியாணியைக் கட்டிக்கொண்டு போவோம். மணலில் பாய் விரித்து, இடுப்பளவு தண்ணீரில் குளித்து, சாயங்காலம் கண் சிவக்க வீடு திரும்புவோம். அங்கே உட்கார்ந்து தெற்கே பார்த்தால் காடு மூடிய ஒரு முனை கடலுக்குள் நீண்டிருக்கும். அதற்குப் பெயர் தஞ்சோங் துவான் என்பது தெரியும். அதற்குள் நடந்து போகலாம் என்பது முப்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது.

இன்று வரை எத்தனை முறை போனேன் என்று எண்ணவில்லை. கோலாலம்பூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தூரத்தில், மழைக்காடு, 19ஆம் நூற்றாண்டுக் கலங்கரை விளக்கம், பாறைக் கரை, குளிக்கக் கடற்கரை என்று ஒரே நாளில் நடந்து முடிக்கக்கூடிய இடம் இது. புதிதாகப் போகிறவர்களுக்கு நான் நேரில் சொல்வதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

பலரும் சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்று பார்த்துக் கிளம்புகிறார்கள். இந்த நடைக்கு முதலில் பார்க்க வேண்டியது கடல் எப்போது வற்றுகிறது என்பதை. காட்டுப் பாதையைப் பகலில் எந்த நேரத்திலும் நடக்கலாம். முனைக்குக் கீழே உள்ள பாறைகளும் சிறு மணல் திட்டுகளும் கடல் வற்றும்போது மட்டுமே வெளியே வரும். தண்ணீர் ஏறிய நேரத்தில் போனால், படி இறங்கிப் போய் அலையைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறி வர வேண்டியதுதான்.

மலாக்கா நீரிணையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் போன வாரம் காலை பத்து மணிக்கு வற்றியிருந்தது என்று யாராவது சொன்னால் அதை நம்பி இந்த வாரம் போகாதீர்கள்.

நம் வீட்டில் மாட்டியிருக்கும் தமிழ் நாள்காட்டியே பாதி வேலையைச் செய்துவிடும். அமாவாசை, பௌர்ணமி நாள்களிலும் அதற்கு அடுத்த இரண்டு நாள்களிலும் கடல் நன்றாக ஏறி நன்றாக வற்றும். அட்டமி, நவமி வாக்கில் ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. பெரியவர்கள் அட்டமி நவமியில் எதையும் தொடங்காதே என்பார்கள். மற்ற காரியங்களுக்கு எப்படியோ, இந்த நடைக்கு அது அப்படியே பொருந்தும். நாளைக் குறித்த பிறகு, சரியான நேரத்தைக் கடல் மட்ட அட்டவணையில் போர்ட்டிக்சன் என்று போட்டுப் பாருங்கள். கைப்பேசியிலேயே கிடைக்கிறது. தண்ணீர் 1 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளாகவும், அந்த நேரம் காலை ஒன்பதுக்கும் மாலை நான்குக்கும் இடையில் வருவதாகவும் இருந்தால் கிளம்பலாம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறாது. வற்றிய பிறகு முதல் ஒரு மணி நேரம் ஏறுவதே தெரியாது. இரண்டாவது மணியில் கொஞ்சம் ஏறும். மூன்றாவது, நான்காவது மணியில்தான் மொத்த ஏற்றத்தில் பாதி வந்துவிடும். என் கணக்கு இதுதான்: தண்ணீர் முழுக்க வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பாறைக்கு இறங்கிவிட வேண்டும். வற்றிய பிறகு ஒரு மணி நேரத்துக்குள் படியேறிவிட வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். அக்காள் மகனை முதல்முறை கூட்டிப்போனபோது அவனுக்கு ஒன்பது வயது. பாறைக் குழிகளில் நண்டு தேடிக்கொண்டிருந்தோம். "மாமா, நம்ம வந்த கல்லைக் காணோம்" என்றான். திரும்பிப் பார்த்தால், வரும்போது காய்ந்து கிடந்த பாறைகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து ஓடிக்கொண்டிருந்தது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் தடவித் தடவி நடந்து கரை சேர்ந்தேன். பத்து மீட்டர் தூரம்தான் இருக்கும். ஆனால் அடியில் பாசி, கால் வைக்கும் இடம் தெரியவில்லை. அன்றிலிருந்து கைக்கடிகாரத்தில் மணி அடிக்க வைத்துவிட்டுத்தான் பாறைக்கு இறங்குகிறேன்.

மாதம் எது?

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை சிறப்பு. பருந்துகள் வரும் காலம், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு மழை பிடிக்கும். அந்த மாதங்களில் மதியத்துக்குள் நடையை முடித்துவிடுங்கள். ஆண்டின் நடுமாதங்களில் சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் திடீரென்று காற்றும் மழையும் அடித்துக்கொண்டு வரும். ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், அதற்காகப் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். புகைமூட்டம் உள்ள நாள்களில் போய்ப் பயனில்லை. எதிரே ஒன்றுமே தெரியாது.

போகும் வழி

காரில் வருகிறவர்கள் தெற்கு நெடுஞ்சாலையில் சிரம்பான் வரை வந்து, அங்கிருந்து சிரம்பான் – போர்ட்டிக்சன் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். ஒன்றரை மணி நேரம் ஆகும். காரில்லாதவர்கள் கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயிலில் சிரம்பான் வந்து, டெர்மினல் ஒன்னில் போர்ட்டிக்சன் பஸ் ஏறலாம். போர்ட்டிக்சன் டவுனிலிருந்து முனை இன்னும் சுமார் 16 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. அதற்கு வாடகைக் காரைத்தான் நம்ப வேண்டும். திரும்பி வரவும் அதே காரைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் 1891ல் ரயில் பாதை போட்டார்கள். இந்த வட்டாரத்து ஈயமும் ரப்பரும் கப்பலேறிய வழி அது. நேரம் இருந்தால் நெடுஞ்சாலையை விட்டுப் பழைய சாலையில் சிலியாவ் வழியாக வாருங்கள். செம்பனைக்கு நடுவில் சின்னச் சின்னக் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் கண்ணில் படும். போகிற வழியில் ஏதாவது ஒரு கடையில் பசியாறிவிடுங்கள். காட்டுக்குள் கடை எதுவும் கிடையாது.

கடற்கரைச் சாலையில் தெலுக் கெமாங்கைத் தாண்டியதும் தஞ்சோங் துவான் என்று பலகை இருக்கும். அதில் திரும்பினால் ப்ளூ லகூன் கடற்கரைப் பக்கம் போய்ச் சேர்வீர்கள். வார இறுதியில் ஒன்பது மணிக்கு மேல் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம்.

ஒரு வேடிக்கையான விஷயம். சுற்றிலும் நெகிரி செம்பிலான் மாநிலம், ஆனால் இந்த முனை மட்டும் மலாக்காவைச் சேர்ந்தது. அலோர் காஜா மாவட்டத்தின் ஒரு துண்டு இங்கே தனியாகக் கிடக்கிறது. வாசலில் உள்ள பலகைகளில் மலாக்கா என்று பார்த்துவிட்டு வழி தவறிவிட்டோமோ என்று நினைக்க வேண்டாம்.

என்னென்ன கொண்டு போவது

தண்ணீர் தலைக்கு 2 லிட்டர். இதில் குறைக்காதீர்கள். காட்டுக்குள் காற்று அசையாது, சட்டை பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். காலுக்குப் பிடிப்புள்ள சப்பாத்து. சிலிப்பரில் வந்து பாறையில் வழுக்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், நனைந்தாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பழைய சப்பாத்தே சரி. தொப்பி, மாற்றுத்துணி, கொசு மருந்து. கொசுவைவிடக் கரையோரம் உள்ள அகாஸ் என்ற பொடிப் பூச்சிதான் தொல்லை. கடித்தது மறுநாள்தான் தெரியும், ஒரு வாரம் அரிக்கும். தூரப்பார்வைக் கண்ணாடி வைத்திருந்தால் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள். வாசலருகே குரங்குகள் கூட்டமாக இருக்கும். பையின் சலசலப்புக் கேட்டாலே பக்கத்தில் வந்துவிடும். எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் போட்டு மூடிவிடுங்கள்.

வாசலிலிருந்து கலங்கரை விளக்கம் வரை

காவல் கூண்டில் சின்னத் தொகை வாங்குவார்கள். சில்லறை வெள்ளி வைத்திருங்கள். அங்கிருந்து மேலே போவது தார்ச்சாலை. 20 முதல் 30 நிமிடம், ஒரே ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்களும் நின்று நின்று ஏறிவிடலாம். அறுபத்தெட்டு வயதில் என் அப்பா ஏறினார். நாற்பது வருடம் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து பால்மரம் சீவிய கால் அது.

சாலைதானே என்று வேகமாக நடந்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் உள்ளது கடலோர மழைக்காடு. மேற்குக் கரையில் முன்பு இப்படிப்பட்ட காடு இன்னும் பல இடங்களில் இருந்தது; தோட்டங்களுக்கும் விடுதிகளுக்கும் போக இன்று மிச்சம் இருப்பது இதுபோன்ற சில துண்டுகள்தான். செம்பனைக்குள் வளர்ந்த எனக்கு இந்தக் காட்டில் முதலில் தெரிந்த வித்தியாசம் சத்தம். செம்பனைத் தோட்டத்தில் மதியம் ஓலை உரசும் சத்தம் மட்டும் கேட்கும். இங்கே சில்வண்டு காதை அடைக்கும். மேலே கிளைகள் அசைந்தால் நின்று பாருங்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருமந்தி உட்கார்ந்திருக்கும். வாசலில் உள்ள குரங்குகள்போல அது மனிதரிடம் வராது. இலையைத் தின்றபடி நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஏறி முடித்தால் வெள்ளைக் கோபுரம். போர்த்துக்கீசியர் இந்த முனைக்குக் காபோ ரச்சாடோ என்று பெயர் வைத்தார்கள், பிளந்த முனை என்று அர்த்தம். 1528-29 வாக்கில் அவர்கள்தான் இங்கே முதலில் விளக்கு ஏற்றியதாகச் சொல்வார்கள். இப்போது நிற்பது ஆங்கிலேயர் 1863ல் கட்டியது. சாதாரண நாள்களில் கோபுரத்துக்குள் விட மாட்டார்கள், வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். அதுவே போதும். எதிரே மலாக்கா நீரிணை முழுதாக விரிந்து கிடக்கும். சரக்குக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போய்க்கொண்டிருக்கும். வானம் தெளிந்திருந்தால் எதிர்க்கரையில் சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவு மெல்லிய கோடாகத் தெரியும். நடுவில் உள்ள தூரம் சுமார் 38 கிலோமீட்டர்தான்.

அப்பா அங்கே ரொம்ப நேரம் நின்றார். "ரஜூலா இந்தப் பக்கமாத்தானே சிங்கப்பூர் போயிருக்கும்" என்றார். போயிருக்கும். 1926 முதல் 1973 வரை மெட்ராஸிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம் ஆட்களை ஏற்றி வந்த கப்பல் அது. பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் (இன்றைய போர்ட் கிள்ளான்) ஆட்களை இறக்கிவிட்டு, மிச்சம் இருந்தவர்களோடு சிங்கப்பூருக்கு இந்த முனையைக் கடந்துதான் போயாக வேண்டும். இரவில் போயிருந்தால் கப்பல் தட்டில் நின்றவர்கள் இந்த விளக்கைப் பார்த்திருப்பார்கள்.

பருந்து வரும் காலம்

மார்ச் மாதம் போகிறவர்கள் கலங்கரை விளக்கத்தடியில் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். குளிர்காலத்தைச் சுமத்ரா, ஜாவா பக்கம் கழித்த பருந்துகள் முட்டையிட வடக்கே சீனா, கொரியா, ஜப்பான், சைபீரியா வரை திரும்பிப் போகும் நேரம் அது. பெரும்பாலும் தேன்பருந்துகள். குளவிக் கூட்டையும் தேன்கூட்டையும் பிய்த்துப் புழுவைத் தின்னும் பறவை. இவற்றோடு சீன வல்லூறு, ஜப்பானிய வல்லூறு, தலையில் கொண்டை வைத்த சின்னக் கறுப்புப் பருந்து எல்லாம் வரும்.

இவ்வளவு பெரிய கரையில் ஏன் இந்த முனைக்கே வருகின்றன? பெரிய பருந்து இறக்கை அடித்துப் பறப்பதில்லை. வெயிலில் நிலம் சூடாகி மேலெழும் காற்றில் ஏறி, சுற்றிச் சுற்றி உயரம் பிடித்து, அங்கிருந்து இறக்கையை விரித்தபடி வழுக்கிக்கொண்டே அடுத்த சூடான காற்று வரை போகும். கடலுக்கு மேல் அப்படி வலுவான காற்று எழும்பாது. நீரிணையைத் தாண்ட சொந்தப் பலத்தில் இறக்கை அடித்தாக வேண்டும். அதனால் எங்கே கடல் குறுகலோ அங்கே தாண்டும். அப்படி ஒரு குறுகலான இடம்தான் ரூப்பாட் தீவுக்கும் இந்த முனைக்கும் நடுவில் உள்ளது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். பதினொன்றரை மணி. கடல் பளபளவென்று கண்ணைக் கூசியது. தூரத்தில் தண்ணீரை ஒட்டி ஒரு கறுப்புப் புள்ளி, மேலும் கீழுமாக ஆடிக்கொண்டு வந்தது. கிட்டே வர வரப் பருந்து. இறக்கை அடி ஒவ்வொன்றும் கனத்து விழுந்தது. வாய் திறந்திருந்தது. கழுத்து புறாவின் கழுத்துபோல முன்னால் நீண்டிருந்தது. கரை மரங்களுக்கு நேர் கீழே, என் கண்மட்டத்துக்கும் கீழே அது வந்தது. முதுகுச் சிறகின் பழுப்பு நிறத்தை மேலிருந்து பார்த்தேன். மரத்தில் மோதிவிடுமோ என்று நினைத்த நேரத்தில் கரையிலிருந்து எழுந்த காற்று அதைப் பிடித்தது. இறக்கை அடிப்பது நின்றது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்குப் போய்விட்டது. அதற்குள் கடலில் இன்னும் நான்கு புள்ளிகள்.

வெயில் ஏறினால்தான் கரைக்காற்று எழும், ஆகவே பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் பாருங்கள். மலேசிய இயற்கைச் சங்கம் 2000ல் இங்கே மார்ச் மாதப் பருந்துத் திருவிழாவைத் தொடங்கியது. அதற்குப் போனால் பறவை தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார்கள்.

கீழே இறங்குதல்

கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக் கடல் பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதைகள் உண்டு. இனி தார் கிடையாது. வேரும் மண்ணும் படியுமாகச் செங்குத்தாக இருக்கும். மழை பெய்த மறுநாள் வேர்மேல் கால் வைக்காதீர்கள், இரண்டு வேருக்கு நடுவில் உள்ள மண்ணில் வையுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நிழலில் இருக்கட்டும். முனைப் பாறை ஒன்றில், மலாய்க் கதைகளில் வரும் வீரன் ஹங் துவாவின் காலடி பதிந்திருப்பதாக மலாய்க்காரர்கள் சொல்வார்கள்.

நான் அதிகம் போவது புலாவ் இந்தான் கரைக்கு. புலாவ் (மலாயில் தீவு) என்று பெயர் இருந்தாலும், பாறைக் குன்று ஒன்று கரையை ஒட்டி நிற்கும் சின்ன மணல் கரை அது. தண்ணீர் வற்றியிருக்கும்போது போனால் பாறைக் குழிகளில் தங்கிய தண்ணீரைக் குனிந்து பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. உங்கள் நிழல் தண்ணீரில் விழாமல் ஒரு நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால், கல் என்று நினைத்த சங்கு நகரும். உள்ளே நண்டு குடியிருக்கும். விரல் நீள மீன் ஒன்று பாறைமேல் தாவி ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளோடு போனால் ஒன்றையும் வீட்டுக்கு எடுத்து வர விடாதீர்கள். காலிச் சங்காக இருந்தாலும் அதற்கு அடுத்த குடித்தனக்காரர் வருவார்.

இந்தப் பாறைகளிலிருந்து கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம். முனை என்பதால் தண்ணீர் இழுக்கும், கூப்பிட்டாலும் கேட்க ஆள் இருக்காது. பாறை வழியாகவே சுற்றி அடுத்த கரைக்குப் போய்விடலாம் என்றும் தோன்றும். வேண்டாம், வந்த வழியே ஏறித் திரும்புங்கள். மணி அடித்ததும் ஏறுங்கள்.

குளியலும் திரும்புதலும்

குளிக்க ப்ளூ லகூன் இருக்கிறது. அலை அடங்கிய, பிள்ளைகளுக்கு ஏற்ற கரை. அங்கே தண்ணீர் கொஞ்சம் ஏறியிருந்தால்தான் குளிக்க நன்றாக இருக்கும், ஆக வற்றும்போது பாறை, ஏறும்போது குளியல் என்று கணக்கு தானாக அமைந்துவிடும். சப்பாத்தோடு இறங்குங்கள், அடியில் உடைந்த பவளக் கற்கள் உண்டு. கரையில் நாட்டு வாதுமை மரங்கள் நிழல் தரும். இந்தக் கடலோரம் நெடுகப் புன்னையும் உண்டு. நெய்தல் பாட்டில் வரும் அதே புன்னைதான். மலாயில் பெனாகா லாவூட் என்பார்கள். வெள்ளைப் பூவும் நடுவில் மஞ்சளுமாக உதிர்ந்து கிடந்தால் ஒன்றை எடுத்து முகர்ந்து பாருங்கள்.

கொண்டு போன குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். ஆறு மணிக்குள் காட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மூன்று மணிக்கே நடை முடிந்துவிட்டால் வீட்டுக்குப் போகும் வழியில் லுக்குட்டில் நிறுத்துங்கள். அந்த ஊரை ஆண்ட ராஜா ஜுமாட் 19ஆம் நூற்றாண்டில் குன்றின்மேல் கட்டிய கோட்டையும், அதன் அடியில் ஓர் அருங்காட்சியகமும் இருக்கின்றன. 1606 ஆகஸ்டில் மலாக்காவைப் பிடிக்க வந்த டச்சுக்காரர்களும் அதைக் காக்க வந்த போர்த்துக்கீசியரும் தஞ்சோங் துவானுக்கு அப்பால் கடலில் மோதிக்கொண்டார்கள். டச்சுக்காரர்களின் நாசாவ், மிடல்பர்க் என்ற இரண்டு கப்பல்கள் அதில் மூழ்கின. நாசாவின் மிச்சத்தை 1990களில் கடலடியில் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து எடுத்த பொருள்கள் சில இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. காலையில் கோபுரத்தடியில் நின்று பார்த்த கடலுக்குள் கிட்டத்தட்ட நானூறு வருடம் கிடந்தவை. அங்கே இறங்கி நடக்க, காய்ந்த சிலிப்பர் ஒரு ஜோடி காரில் போட்டு வையுங்கள்.